இரும்புக்கும் ஓர் இடம்

புதுமனை புகுவிழா ஒரு நாளில் முடிந்துவிடும். பால் பொங்கும், உற்றார் உண்டு வாழ்த்துவர், வாசலில் கட்டிய மாவிலை இரண்டு நாளில் சுருளும். ஆனால், புகுந்த வீட்டில் மனம் குடியேறுவதற்கு நாள் குறித்துக் கொடுக்கும் பஞ்சாங்கம் எதுவும் இல்லை. சிலருக்கு அது ஒரு திங்களில் நிகழும். சிலருக்கு ஓர் ஆண்டு ஆகும். இறுதிவரை விருந்தினராகவே இருந்துவிட்டுப் போகும் முதியோரும் உண்டு.

கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணி நகரைச் சார்ந்தது பாக்கார் ஆராங். மலாய் மொழியில் 'பாக்கார்' என்பது சுடுதலையும், 'ஆராங்' என்பது கரியையும் குறிக்கும். இன்று அங்கே கண்ணுக்குத் தெரிவன தொழிற்பேட்டையின் தகரக் கூரைகளும், வரிசை வீடுகளும், காலை ஏழு மணிக்கு நெரியும் மோட்டார் சைக்கிள்களுமே. மேகம் விலகிய நாளில் வடக்கே ஜெராய் மலை நீலமாக எழுந்து நிற்கும். அம்மலைப் பகுதியில், சுங்கை பத்து என்னுமிடத்தில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009ஆம் ஆண்டு முதல் நிகழ்த்திய அகழாய்வில் பழங்காலத்து இரும்புருக்கு உலைகளும் களிமண் ஊதுகுழல்களும் வெளிப்பட்டன. சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று குறித்த நிலப்பகுதி இது. இரும்பை உருக்கியும் வடித்தும் வாழ்ந்த கைகள் இம்மண்ணுக்குப் புதியவை அல்ல.

பாக்கார் ஆராங்கின் வரிசை வீடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு முந்திய முகவரி ஏதேனும் ஒரு தோட்டத்து லயமாக இருக்கும். லயத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. 1950களில் வெள்ளையர் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். அத்துண்டாடலுக்கு அணை கட்டவே வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அச்சங்கம் முதன்முதலாக வாங்கிய தோட்டமும் கெடாவைச் சேர்ந்த புக்கிட் சிடிம்தான். எனினும், எல்லாத் தோட்டங்களையும் காக்க எந்தச் சங்கத்தாலும் இயலவில்லை. தப்பியவற்றுட் பல பின்னர்ச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் தந்தன. இயற்கை ரப்பர் விளைச்சலில் உலகின் முதலிடத்தில் நெடுங்காலம் இருந்த மலேசியா, 1990களின் தொடக்கத்தில் அவ்விடத்தைத் தாய்லாந்துக்கு விட்டது.

லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்க்கும் சுவர் சொந்தமன்று, கூரை சொந்தமன்று, முற்றத்து முருங்கைகூடச் சொந்தமன்று. சுமந்து செல்லக்கூடியது எதுவோ அதுவே தொழிலாளியின் சொத்து. இதனை நினைவிற் கொண்டால்தான், லயத்திலிருந்து பெயர்ந்த ஒரு கிழவர் ஒரு லாரி நிறையப் பழைய இரும்பைப் பாக்கார் ஆராங்கிற்கு ஏற்றி வந்தது பித்து அன்று என்பது விளங்கும்.

அக்கிழவர் தோட்டத்து இஞ்சின் வீட்டில் முப்பதாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். அவர் கண்காணித்தது ஒரு லிஸ்டர் டீசல் இயந்திரம். 1867இல் இங்கிலாந்தின் டர்ஸ்லி என்னும் சிற்றூரில் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் படைப்பு அது. ஆள் உயரத்தில் பாதி வரும் இரண்டு பறக்கும் சக்கரங்கள். ஆறு குதிரைத் திறன். நிமிடத்திற்கு 650 சுற்று. கைப்பிடியைப் பற்றிச் சுழற்றி, வேகம் கூடியவுடன் அழுத்த நெம்பைச் சாய்த்தால், 'டுக், டுக்' என்று தொடங்கிப் பின் ஒரே சீராக ஓடும். மாலையில் லயங்களுக்கு விளக்கு எரிந்தது அதனால். இரவு பத்து மணிக்கு அதன் ஒலி அடங்கியதும் தோட்டம் முழுதும் உறங்கியது. அவ்வியந்திரத்தின் ஒவ்வோர் இருமலுக்கும் காரணம் அறிந்தவர் அவர். ஆனால், அது அவருடையதன்று. தோட்டம் கைமாறியபோது அதுவும் கைமாறியது. எங்குப் போயிற்று என்பதை அவர் எவரிடமும் கேட்கவில்லை.

அவருடையவை வேறு. மனைவியாரின் சிங்கர் தையல் இயந்திரம் ஒன்று. ராலே மிதிவண்டி ஒன்று. ரப்பர் தகடு இழைக்கும் உருளைப் பொறிகள் இரண்டு. இவற்றோடு பெயர் சொல்ல இயலாத பல்சக்கரங்களும் அச்சுகளும் அடங்கிய மூன்று கோணி மூட்டை. உருளைப் பொறிகள் அவருக்கு வந்த கதை சிறிது. அண்டையில் ஒரு சிறுதோட்டக்காரர் பாலை மங்கிலேயே உறையவிட்டுக் கட்டிப்பாலாக விற்கத் தொடங்கினார். தகடு போடும் வேலை நின்றது; பொறிகள் மழையில் கிடந்தன. பழைய இரும்பின் விலைக்கு அவற்றைக் கிழவர் வாங்கிக்கொண்டார்.

மகன் தொழிற்பேட்டையில் இயந்திரப் பழுது பார்க்கும் பணியாளர். வங்கிக் கடனில் வீடு வாங்கியவர் அவரே. திங்கள்தோறும் தவணை கட்டுபவரும் அவரே. லாரியிலிருந்து உருளைப் பொறிகள் இறங்கியபோது அவர் முகம் இறுகியது. நான்கு பேர் சேர்ந்து தூக்கியும், புதிய சிமெந்துத் தரையில் ஒரு கீறல் விழுந்தது.

"இது எதற்கு அப்பா? கார் நிறுத்த இடம் வேண்டாமா? பிள்ளை கையை விட்டால் என்ன ஆவது?" என்றார் மகன்.

கிழவர், "ஒரு பக்கமாகக் கிடக்கட்டும் தம்பி" என்றதோடு நின்றார்.

மகன் கூறிய காரணங்கள் யாவும் நியாயமானவை. ஆயினும் கூறாத காரணம் ஒன்று இருந்தது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து நகரத்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற நாளில், உடன் அமர்ந்த மாணவன் மூக்கைப் பொத்திக்கொண்டு இடம் மாறி அமர்ந்தான். காலையில் தாய்க்கு உதவியாக மங்கு துடைத்துவிட்டு வந்த கையில் ஒட்டுப்பாலின் நாற்றம். சவர்க்காரத்தால் போகாத நாற்றம் அது. முப்பதாண்டுகளுக்குப் பின், சொந்த வீட்டின் வாசலில் அதே நாற்றம் ஊறிய இரும்பு வந்து இறங்கியதை அவர் எவ்வாறு ஏற்பார்? கிழவருக்கும் இது தெரியும். தெரிந்தமையால்தான் அவர் வாதாடவில்லை.

புதிய வீட்டில் முதல் சில திங்கள் இருவருக்கும் பெருஞ்சோர்வாகக் கழிந்தன. கிழவர் விடியல் நான்கு மணிக்கு எழுந்துவிடுவார். பெரட்டுக்கு அழைக்கும் மணி இல்லை. பால் வாளி மோதும் ஓசை இல்லை. விளக்கைப் போட்டால் பிறர் உறக்கம் கெடும் என்று இருளிலேயே அமர்ந்திருப்பார். கிழவியோ நாற்காலியின் விளிம்பில் அமர்வார். எழுந்து போகுமாறு யாரேனும் சொல்லிவிடுவார் என்பது போல. மருமகள் பரிவுடையவர், "அத்தை, நீங்கள் ஓய்வாக இருங்கள்" என்று எல்லா வேலைகளையும் தாமே செய்தார். அப்பரிவே அவர்களுக்குச் சுமையாயிற்று. உழைத்துப் பழகிய கைகளுக்கு ஓய்வு என்பது ஒரு வகைத் தனிமை அன்றோ?

ஒரு நாள் பழைய இரும்பு வாங்குபவர் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டே தெருவில் வந்தார். மகன் அவரை நிறுத்தினார். வந்தவர் உருளைப் பொறிகளைக் காலால் தட்டிப் பார்த்துக் கிலோவுக்கு இத்தனை காசு என்றார். தையல் இயந்திரத்தின் கீழ்க்கட்டும் வார்ப்பிரும்புதான், அதையும் சேர்த்துத் தரலாம் என்றார். கிழவர் உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கிழவி மட்டும் வாசலுக்கு வந்து, "என்னுடையதை விட்டுவிடு அப்பா. அது என் அம்மா தவணை கட்டியது" என்றார். மகன் ஏதும் பேசாமல், அடுத்த வாரம் வருமாறு இரும்புக்காரரிடம் கூறி அனுப்பினார்.

தவணை என்னும் சொல் அன்றிரவு அவ்வீட்டில் தங்கிவிட்டது எனலாம். ஐசக் சிங்கர் என்பார் 1851இல் தம் தையல் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்திய ஆண்டு, பாஸ்டன் நகரத்துப் பட்டறை ஒன்றிற் பழுதாகிக் கிடந்த வேறொருவரின் பொறியைக் கண்டு, அதனைத் திருத்தும் முயற்சியிலிருந்தே தம் பொறியை உருவாக்கினார். ஏழைக் குடும்பம் ஒரே தொகை கொடுத்து வாங்க இயலாது என்பதை உணர்ந்து, 1856இலேயே அவர் நிறுவனம் தவணை முறையைப் புகுத்தியது. உலகெங்கும் பெண்கள் சிறுகச் சிறுகக் கட்டி அதனைத் தமதாக்கிக்கொண்டனர். கெடாவின் லயம் ஒன்றில், பால் வெட்டிய கூலியில் மிச்சம் பிடித்த ஒரு தாயும் அவ்வரிசையில் சேர்ந்தார். மகளுக்குச் சீதனமாக அந்த இயந்திரத்தையே கொடுத்தார். மகள் இரவில் அதனை மிதித்துத் தைத்த கூலி, மகனின் படிப்பிற்கு ஆயிற்று. வீட்டுக்கடனின் தவணை அட்டையைக் கையில் வைத்திருந்த மகனுக்கு இக்கணக்குத் தெரியாததன்று. தெரிந்ததை நினைக்காமல் இருந்தார், அவ்வளவே.

மறுநாள் ஞாயிறு. பேத்திக்குப் பள்ளிச் சீருடையின் மடிப்புப் பிரிந்திருந்தது. கிழவி தையல் இயந்திரத்தின் முன் சென்று அமர்ந்தார். மிதியும் சக்கரமும் அசையவில்லை. தோல்வார் இற்று அறுந்திருந்தது. எண்ணெய் பசையாகி இறுகியிருந்தது. மகன் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர் உள்ளே சென்று, தொழிற்சாலைக்கு எடுத்துச் செல்லும் கருவிப் பெட்டியைக் கொண்டுவந்தார். மண்ணெண்ணெய் தொட்டு ஒவ்வொரு மூட்டாகத் துடைத்தார். சுங்கைப்பட்டாணிக் கடைத்தெருவில் தேடித் தோல்வார் ஒன்று வாங்கி வந்தார். வாரை அளந்து வெட்டி, கம்பிக் கொக்கியால் இணைக்கும்போது, பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னும் அரை விரற்கடை குறைத்து வெட்டு. தோல் போகப்போகத் தளரும்."

கிழவர் எழுந்து வந்திருந்தார். மகன் அரை விரற்கடை குறைத்தார்.

சிறுவயதில் இஞ்சின் வீட்டில், தந்தையாருக்கு விளக்குப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை அவர். எந்தத் திருகிற்கு எந்தச் சாவி என்பதைத் தொழிற்கல்லூரிக்குச் செல்லும் முன்பே அங்கே கற்றுக்கொண்டார். அவர் உண்ணும் சோற்றுக்கு வழியான கல்வி அந்த எண்ணெய் நாற்றத்தில் தொடங்கியது. நாற்றத்தை மறக்க விரும்பியவர், அந்தக் கல்வியையும் அதனோடு சேர்த்து மறந்திருந்தார்.

இயந்திரம் ஓடியது. கிழவிக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை. பேத்தி கோத்துக் கொடுத்தாள். "ஊசியின் காது ஏன் பாட்டி கூர்ப்பக்கம் இருக்கிறது?" என்று கேட்டாள். கிழவி பக்கத் தகட்டைத் தள்ளித் திறந்து காட்டினார். மேல்நூலை ஊசி கீழே கொண்டு செல்கிறது. அது திரும்பும்போது நூல் ஒரு வளையமாகிறது. அவ்வளையத்திற்குள் கீழ்நூல் புகுந்து பூட்டிக்கொள்கிறது. இரண்டு நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் தையல் பிரிவதில்லை. 1846இல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற அந்நுட்பத்தை எழுதப் படிக்கத் தெரியாத கிழவி நான்கு சொற்களில் விளக்கிவிட்டார்.

இயந்திரத்தின் அடியில் பொறித்த எண்ணைப் பேரன் கண்டுபிடித்தான். அதன் முன்னே இரண்டு ஆங்கில எழுத்துகள், முதலாவது 'ஈ'. அவ்வரிசை ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலைக்குரியது. 1941 மார்ச்சில் குண்டுமழை பொழிந்த ஊர் அது. அத்தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. தொழிற்சாலை மறைந்த பின்னும் அதன் பிள்ளை பாக்கார் ஆராங்கில் சீருடை தைத்துக்கொண்டிருக்கிறது.

இயந்திரங்களின் மீது மனிதன் கொண்ட வெறியைக் கண்டித்த காந்தியடிகளும், 1924இல் தம்மிடம் வினவியவரிடம், சிங்கர் தையல் இயந்திரத்தை விதிவிலக்காகக் குறிப்பிட்டார். மனிதனின் கையை முடக்காமல், அக்கைக்கு உதவும் பொறி வேண்டத்தக்கது என்பது அவர் கருத்து. அக்கருத்து அவ்வீட்டில் நூல் படிக்காமலே விளங்கியது. கிழவி அன்று முதல் நாற்காலியின் விளிம்பில் அமர்வதை விட்டார். அண்டை வீட்டு மலாய்ப் பெண்மணியும் சீனப் பெண்மணியும் திரைச்சீலைகளைக் கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கினர். அவருக்குப் பாக்கார் ஆராங் ஊராயிற்று.

உருளைப் பொறிகளின் முறை அடுத்து வந்தது. இரும்புக்காரர் மறுவாரம் வந்தபோது, மகன் அவரிடம் மூன்று மூட்டைகளை மட்டும் காட்டினார். வியப்பு என்னவெனில், அம்மூட்டைகளைத் தள்ளிக் கொடுத்தவர் கிழவரே. "எதற்குச் சேர்த்தோம் என்று எனக்கே தெரியாதவை, போகட்டும்" என்றார். மிதிவண்டியைப் பேரனுக்காக நிறுத்திக்கொண்டார். எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணமாக இருந்ததில்லை. எதுவுமே எஞ்சாமற் போகக்கூடாது என்பதே அவர் அச்சம்.

வாரந்தோறும் தந்தையும் மகனும் பேரனும் துருவைச் சுரண்டினர். உருளைகளின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் திருகு இறுகிக் கிடந்தது. அதனை அசைக்க மூன்று ஞாயிறு பிடித்தது. அவ்வேளைகளில் கிழவர் பேரனுக்குத் தொழிலைச் சொன்னார். மரத்திலிருந்து வந்த பாலை வடிகட்டி, நீர் கலந்து, தட்டில் ஊற்றி, எறும்பின் கடியில் உள்ள பார்மிக் அமிலத்தைச் சிறிது சேர்த்தால், பால் தயிர்போல் உறையும். உறைந்த கட்டியை வழுவழுப்பான உருளையில் பலமுறை விட்டு நீரைப் பிழிய வேண்டும். பின்னர் வரிகள் வெட்டிய உருளையில் ஒருமுறை விட வேண்டும். வரி அழகுக்காக அன்று. வரி விழுந்தால் தகட்டின் பரப்புக் கூடும், விரைவில் உலரும், ஒன்றோடொன்று ஒட்டாது. அதன் பிறகு புகைக்கூடத்தில் சில நாள் தொங்கவிட்டால் தேன் நிறம் ஏறும்.

மருமகளும் இவ்விளையாட்டில் ஒருநாள் சேர்ந்தார். அடைமழைக் காலம், துணி உலரவில்லை. "பால்கட்டியைப் பிழியும் பொறி துணியைப் பிழியாதா மாமா?" என்று கேட்டார். போர்வை செவ்வனே பிழிந்து வந்தது. மகனின் தொழிற்சாலைச் சட்டையையும் ஆர்வத்தில் விட்டுவிட்டார். பொத்தான்கள் படபடவென்று தெறித்தன. வீடே சிரித்தது. கிழவி அன்று மாலை பொத்தான்களைத் தைத்துக் கொடுத்தார். மகனும் சிரித்தார் என்பதுதான் குறிக்கத்தக்கது.

ஐந்தாம் ஆண்டில் பயிலும் பேரன், 'எங்கள் வீடு' என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதினான். அதில் நிரை, மங்கு, ஒட்டுப்பால், காண்டாக் கம்பு முதலிய சொற்கள் வந்தன. இளம் ஆசிரியர் ஒருவர் 'மங்கு' என்னும் சொல்லின் கீழ்ச் சிவப்பு மையாற் கோடிட்டு, 'கிண்ணம்' என்று திருத்தியிருந்தார். மறுநாள் கிழவர் ஒரு மங்கைப் பேரனிடம் கொடுத்து அனுப்பினார். ஆசிரியர் அதனைக் கையில் வாங்கிப் பார்த்தார். எதற்குப் பயன்பட்டது என்று கேட்டறிந்தார். கோட்டை அடித்துவிட்டு, பக்கத்தில் 'நன்று' என்று எழுதினார். தவறு ஆசிரியருடையதன்று. பொருள் கண்ணிலிருந்து மறைந்தால் சொல்லும் மறையும். சொல் மறைந்தபின் அதனை எழுதும் பிள்ளை பிழை செய்தவனாகிறான். தோட்டத்தை விட்டு நகரத்திற்குப் பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகள் பல, பெயர்ப்பலகையில் இன்றும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அப்பெயருக்குப் பின்னால் இருந்த வாழ்வை மாணவர்க்குக் காட்ட ஒரு மங்கும் ஓர் உருளையும் போதும். அவற்றை இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டால், எந்த அகராதியைக் கொண்டு அதனை மீட்பது?

புதிய வீட்டின் முதல் ஆயுத பூசை வந்தது. தோட்டத்தில் இஞ்சின் வீட்டுப் படையலே அந்நாளின் சிறப்பு. லிஸ்டரின் சக்கரத்திற்குச் சந்தனம் இடும் உரிமை கிழவருக்கே இருந்தது. இங்கே என்ன செய்வது என்று அவர் தயங்கினார். மகன் காலையிலேயே முன்வாசலைக் கழுவி விட்டிருந்தார். காரை வெளியே நிறுத்தினார். கூரையின் கீழ், தரையில் கீறல் விழுந்த அதே இடத்தில், வண்ணம் பூசிய உருளைப் பொறிகள் நின்றன. அருகில் தையல் இயந்திரம், மிதிவண்டி, மருமகளின் மாவரைக்கும் இயந்திரம், பேத்தியின் கணினி, மகனின் கருவிப் பெட்டி. பெட்டியைத் தந்தையின் முன் வைத்த மகன், "நீங்களே பொட்டு வையுங்கள் அப்பா" என்றார்.

கிழவர் ஒவ்வொன்றாகச் சந்தனமும் குங்குமமும் இட்டு வந்தார். கருவிப் பெட்டிக்கு வந்தபோது அவர் கை சற்று நின்றது. திறந்து பார்த்தார். சாவிகள் அளவு வரிசையில் அடுக்கியிருந்தன. இஞ்சின் வீட்டில் அவர் அடுக்கி வைத்த முறை அதுவே. சிறிய சாவி இடப்பக்கம், பெரிய சாவி வலப்பக்கம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பொட்டு வைத்தார்.

வீட்டுக்கடன் தீர இன்னும் பல ஆண்டுகள் உள்ளன. உருளைப் பொறிகள் நிற்கும் இடத்தில் கார் முழுவதுமாக நுழைவதில்லை; அதன் பின்பகுதி மழையில் நனைகிறது. மகன் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கிழவர் இன்னமும் விடியல் நான்கு மணிக்கே எழுகிறார். ஆனால், இப்போது விளக்கைப் போட்டுக்கொள்கிறார். வாசலுக்குச் சென்று, எண்ணெய்த் துணியால் உருளைகளைத் துடைத்துவிட்டு, கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார். பல்லோடு பல் பொருந்தி ஓசையின்றிச் சுழல்கிறது. சற்று நேரத்தில் உள்ளே மிதியின் ஒலி தொடங்கும். அவ்வொலிக்கே பிள்ளைகள் விழித்தெழுந்து பள்ளிக்கு ஆயத்தமாகின்றனர்.